மாடி எலுமிச்சையில் ஒரு திருடன்

ஜனவரி 18

சின்னவளுக்கு,

உன் கடிதம் வந்து ஆறு நாள் ஆகிறது. மூன்று நாள் பிரிக்காமல் தையல் மிஷின் மேலேயே வைத்திருந்தேன். பத்து மாதம் வாயே திறக்காமல் இருந்துவிட்டு இப்போது என்ன எழுதியிருப்பாய் என்று யோசித்துக்கொண்டே சட்டைகளுக்குப் பட்டன் காஜா எடுத்தேன். மன்னிப்புக் கேட்டிருப்பாய் என்று ஒரு மனசு. அன்றைக்குச் சொன்னது போதாதென்று இன்னும் நாலு வார்த்தை சொல்லியிருப்பாய் என்று ஒரு மனசு. பிரித்தால், பூச்சியைக் கேட்டிருக்கிறாய்.

சிரிப்புத்தான் வந்தது. உங்கண்ணன் இருந்திருந்தால், "அவ அப்படித்தான், தலை போனாலும் பூச்சிதான் முதல்ல" என்றிருப்பார்.

போனில் பேசலாம் என்று நீ எழுதவில்லை. நல்லதாயிற்று. பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே நமக்குள் முட்டிக்கொள்ளும். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். ஒரு பக்கம் எழுத ஒரு மணி நேரம் ஆகிறது. அதற்குள் கோபம் கொஞ்சம் ஆறிவிடுகிறது.

கேட்டதற்கு வருகிறேன். உங்கண்ணன் கடைசியாக உனக்கு அனுப்பிய குப்பியில் ஐந்து பொறிவண்டு இருந்தது, அது எந்தப் புத்தகத்திலும் இல்லாத புது வகை போலத் தெரிகிறது, ஆனால் ஐந்துமே பெண்ணாகப் போய்விட்டது, ஆண் ஒன்று வேண்டும் என்கிறாய். லேபிளில் அவர் "மாடி எலுமிச்சை" என்று எழுதியது நம் மொட்டை மாடி மரம்தான். நீல டிரம்மைப் பாதியாக அறுத்து அதில் ஒரு சாண் கன்றை வைத்தாரே, அதே மரம். இப்போது என் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டது. இதுவரை மொத்தம் பதினோரு காய் காய்த்திருக்கிறது.

மரத்தை நான் நன்றாகவே வைத்திருக்கிறேன். கணுவிலும் இலைக்கு அடியிலும் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பியிருக்கும். அவர் இருந்தவரை தொடவிட மாட்டார். "விட்டுடு, அதுங்களுக்குள்ள ஒரு திருடன் இருக்கான்" என்பார். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்கக் கண்ணாடி தேய்த்துவிட்டு வந்து, கண்ணில் இடுக்கிக்கொள்ளும் அந்த லென்ஸோடு மாடியில் குந்தி உட்கார்ந்துவிடுவார். பல தடவை கீழே இருந்து சாப்பிடக் கூப்பிட்டுத் தொண்டை வற்றிப்போயிருக்கிறது. அந்த மரத்துக்காக எங்களுக்குள் நடக்காத சண்டை இல்லை.

அவர் போன பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சோப்புத் தண்ணீரும் பழைய பல் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு போய் ஒரு இலை விடாமல் தேய்த்துவிட்டு வருகிறேன். இப்போது ஒரு பொட்டு வெள்ளை கிடையாது. நீ சொல்கிற பொறிவண்டு மட்டும் கண்ணில் படவே இல்லை. சிவப்பில் கறுப்புப் புள்ளி போட்டதாக ஒன்றும் நான் பார்க்கவில்லை.

அண்ணி


ஜனவரி 27

அண்ணி,

நீங்கள் பதில் போட மாட்டீர்கள் என்றுதான் நினைத்தேன். கவரின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்துதான் பிரித்தேன்.

இந்தப் பொறிவண்டு சிவப்பாக இருக்காது. புள்ளியும் கிடையாது. கடுகில் பாதி இருக்கும். கரும்பழுப்பு நிறம், முதுகெல்லாம் பொடி மயிர். இலையில் இருந்தால் ஏதோ தூசி என்று ஊதிவிட்டுப் போவோம். இதே அளவில், இதே நிறத்தில் ஏற்கெனவே பெயர் வைத்தவை நிறைய இருக்கின்றன. ஆண் பூச்சியின் வயிற்றுக்குள் இருக்கும் உறுப்பின் வடிவத்தை வைத்துத்தான் இது வேறு, அது வேறு என்று பிரிப்போம். அண்ணன் அனுப்பியதில் மூன்றைத் திறந்து பார்த்தேன். மூன்றும் பெண். மீதி இரண்டை மேலிருந்து பார்த்தாலே பெண் என்று தெரிகிறது. பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இது புதுசு என்று எழுதினால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொன்றை எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். மறைக்கவும் மனசு வரவில்லை.

அண்ணன் திருடன் என்று சொன்னது இதைத்தான். இந்தப் பொறிவண்டின் குஞ்சுகள் உடம்பெல்லாம் வெள்ளை மாவு பூசிக்கொண்டு, பார்க்க அசல் மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். அந்தக் கூட்டத்துக்குள்ளேயே புகுந்து அதையே தின்று வளரும். மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்கிற எறும்புகூட ஏமாந்துபோகும். நீங்கள் தேய்த்த வெள்ளையில் கொஞ்சம் அந்தக் குஞ்சுகளாக இருந்திருக்கும், அண்ணி.

யார் பார்த்தாலும் அப்படித்தான் தேய்த்திருப்பார்கள். உங்கள்மேல் ஒரு தப்பும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் மூன்று பேரும் பூங்காவுக்குப் போனது நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. உங்கள் குடையைத் தலைகீழாக விரித்து நான் கிளைக்கு அடியில் பிடிப்பேன், அண்ணன் குச்சியால் கிளையைத் தட்டுவார், குடைக்குள் விழுந்ததை நீங்கள் எண்ணுவீர்கள். "மழையே இல்ல, இதுங்க குடையை மல்லாத்திப் பிடிச்சிக்கிட்டு நிக்குதுங்க" என்று ஒரு பெரியவர் சொல்லிவிட்டுப் போனார். நீங்கள் அவரைக் கூப்பிட்டு, "மழை கீழேருந்து வருதுங்க ஐயா" என்றீர்கள். அண்ணன் சிரித்த சிரிப்பில் பிடித்ததெல்லாம் பறந்துவிட்டது.

சின்னவள்


பிப்ரவரி 6

சின்னவளுக்கு,

என்மேல் தப்பில்லை என்று எழுதியிருக்கிறாய். அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் நீ என்னிடம் கேட்டது வேறு. "பக்கத்துலயே இருந்தீங்களே அண்ணி, நெஞ்சு வலியில ஒரு மனுஷன் போற வரைக்கும் உங்களுக்கு ஒண்ணுமே தெரியலையா?" என்றாய். அவர் கண்ணாடிப் பட்டறையில் சாய்ந்து அப்போது ஒரு நாள்கூட ஆகவில்லை. நான் ஒன்றும் பேசவில்லை.

இப்போது இதுவும் சேர்ந்தது. அவர் ஆறு வருஷம் குந்தி உட்கார்ந்து பார்த்துப் பார்த்துக் காப்பாற்றியதை, அவர் போன மறு மாதமே பல் பிரஷ்ஷால் தேய்த்துச் சாக்கடையில் விட்டிருக்கிறேன். நாற்பது ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் இருக்கும். மரத்தைச் சுத்தமாக வைத்திருக்கிறேன் என்று பெருமை வேறு.

உன் கடிதத்தைப் படித்த அன்று காஜா எல்லாம் கோணல். தையல் கடை மாஸ்டர் ஒரு சட்டையைத் தூக்கிக் காட்டி, "என்னம்மா இது, பட்டன் போட ஓட்டை கேட்டா பறந்துபோக ஜன்னல் வச்சிருக்கீங்க" என்றார். மற்ற நாளாக இருந்தால் சுடச்சுடத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை தேய்க்கவில்லை. இனிமேலும் மாட்டேன். மாவுப்பூச்சி வரட்டும். அது வந்தால் திருடனும் வருவான் இல்லையா? ஒன்றாவது மிச்சம் இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று விவரமாக எழுது. உங்கள் பாஷையில் எழுதாதே. எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

அப்புறம், இது வேறு, அது வேறு என்று பிரிக்க வயிற்றைத் திறந்தால்தான் முடியும் என்கிறாயே, அதுகளுக்குள் எப்படித் தெரிந்துகொள்கின்றன? அவற்றைக் கேட்டு எழுது.

அண்ணி


பிப்ரவரி 19

அண்ணி,

அவற்றைக் கேட்டேன். உன் அண்ணியிடமே கேட்டுக்கொள் என்று சொல்லிவிட்டன.

கண்டுபிடிக்கும் வழி இதுதான். ஈரமான மெல்லிய தூரிகையின் நுனியால் வெள்ளையை லேசாகத் தொடுங்கள். மாவுப்பூச்சி சோம்பேறி, இருந்த இடத்திலேயே கிடக்கும், மிஞ்சிப்போனால் கொஞ்சம் நகரும். திருடன் எழுந்து வேகமாக நடப்பான். தொட்டால் மாவு உதிர்ந்து உள்ளே மஞ்சள் உடம்பு தெரியும். அவனை மாவுப்பூச்சி உள்ள இலையோடு சேர்த்து ஒரு டப்பாவில் போட்டு, வாயில் மெல்லிய துணி கட்டி வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பெரிய பூச்சியாகிவிடும். பிறகு ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைத்துக் குப்பியில் போட்டு, விரல் நகம் அளவு சீட்டில் பென்சிலால் இடம், தேதி, பிடித்தவர் என்று எழுத வேண்டும்.

ஆனால் அண்ணி, நீங்கள் இதைச் செய்யக் கூடாது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். மாவுப்பூச்சியைத் தடுக்காமல் விட்டால் தொட்டி மரம் தாங்காது. சாற்றை உறிஞ்சிவிடும். இலை சுருண்டு கொட்டும், கருப்புப் பூசணம் படரும். பெரிய பூச்சிகளுக்குச் சிறகு உண்டு, பக்கத்தில் எங்காவது பிழைத்திருந்தால் தேடி வரலாம். வராமலும் போகலாம். மரமும் போய், பூச்சியும் இல்லாமல் போனால் உங்களிடம் என்ன மிஞ்சும்? பழையபடி தேய்த்துவிடுங்கள். ஐந்து பூச்சியும் பெயர் இல்லாமல் பெட்டியில் இருக்கட்டும். இங்கே அருங்காட்சியகத்தில் அப்படி ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

சின்னவள்


ஏப்ரல் 4

சின்னவளுக்கு,

தேய்க்கவில்லை. உன் பேச்சை நான் என்றைக்குக் கேட்டிருக்கிறேன்?

மாசி வெயிலில் மாவுப்பூச்சி பொங்கிக்கொண்டு வந்தது. தண்டெல்லாம் பஞ்சு சுற்றின மாதிரி. இலை எல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியது. சாரிசாரியாக எறும்பு. கீழ்வீட்டு டீச்சரின் கொடித்துணியில் பிசின் சொட்டி, அவர் மாடி ஏறி வந்துவிட்டார். "ஏங்க, மரத்துக்கு வைத்தியம் பாக்க மாட்டீங்களா? சாகப் போகுதே" என்றார். "பாத்துக்கிட்டுதாங்க இருக்கேன்" என்றேன். பார்த்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். அதுதான் கொடுமை. கை பரபரக்கும். ஒரு நாள் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு படி ஏறி, கடைசிப் படியில் உட்கார்ந்து, திரும்பி இறங்கிவிட்டேன். அவர் கையால் வைத்த மரம் கண் முன்னால் மஞ்சளாகிக்கொண்டு வருகிறது, நான் வேடிக்கை பார்க்கிறேன்.

தினமும் வேலை முடிந்து வந்ததும் அவருடைய லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு உட்காருவேன். முதல் பத்து நாள் அது நிற்கவே இல்லை, பொத்துப்பொத்தென்று விழுந்தது. பிறகுதான் பிடிபட்டது. கன்னத்தைத் தூக்கி, புருவத்தை இறக்கிப் பிடிக்க வேண்டும். அவர் முகம் அப்படித்தான் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு இருக்கும். "கொரங்கு மாதிரி இருக்கீங்க" என்பேன். இப்போது என்னைப் பார்க்க யாரும் இல்லை.

லென்ஸுக்குள் அது வேறு ஊர் மாதிரி இருக்கிறது, சின்னவளே. எறும்பு யானை கணக்கில் வருகிறது. மாவுப்பூச்சிக்கு ஓரமெல்லாம் வெள்ளைக் குஞ்சம். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது அவர் ஏன் இறங்கி வரவில்லை என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அன்றைக்கே ஒரு தடவை வாங்கிப் பார்த்திருக்கலாம். "பாரேன், ஒரு தடவை பாரேன்" என்று எத்தனையோ தரம் நீட்டினார்.

மார்ச் பதினொன்றாம் தேதி ஒன்று நடந்தது. தூரிகையால் தொட்டேன். எழுந்து நடந்தது. சந்தையில் பிடிபட்டவன் கூட்டத்தோடு கூட்டமாக நழுவுவானே, அந்த நடை. கத்திவிட்டேன். கீழ்வீட்டு டீச்சர், "என்னங்க ஆச்சு, விழுந்துட்டீங்களா?" என்று ஓடி வந்தார். "திருடன், திருடன்" என்றேன். அவர் பயந்து கதவைச் சாத்தப் போனார். அப்புறம் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். லென்ஸைக் கொடுத்துப் பார்க்கவும் வைத்தேன். மறுநாளிலிருந்து அவர் துணியை வேறு பக்கம் காயப்போடுகிறார்.

பதின்மூன்றாம் தேதிக்குள் மொத்தம் ஒன்பது பிடித்தேன். பதினாலாம் தேதி மட்டும் மாடிக்குப் போகவில்லை. அவர் போய் அன்றோடு ஒரு வருஷம்.

பட்டன் போடும் கண்ணாடி டப்பா நான்கில் போட்டு, லைனிங் துணியைக் கட்டி வளர்த்தேன். இரண்டு செத்துவிட்டது. ஏழு பிழைத்து, இலை மடிப்பில் முடங்கி, மார்ச் முப்பதாம் தேதி பெரிய பூச்சியாக வெளியே வந்துவிட்டது. நீ சொன்னபடி கடுகில் பாதிதான். ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைக்கச் சொல்லியிருந்தாய். வைத்தேன். அவர் கிடந்த குளிர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு இது பழகிப்போன வேலைதானே.

ஏழையும் குப்பியில் போட்டு அனுப்பியிருக்கிறேன். நீ சொன்ன அளவில் சீட்டு வெட்டி, பென்சிலால் இடம், தேதி, பிடித்தவர் எல்லாம் எழுதியிருக்கிறேன். தபால்காரரிடம் "உள்ளே என்ன?" என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். அவர் குப்பியைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லன்னு எழுதுங்க" என்றார்.

மரத்தில் பாதி இலை கொட்டிவிட்டது. தண்டைக் கீறிப் பார்த்தேன், உள்ளே பச்சை இருக்கிறது. மீதியைக் கடவுள் விட்ட வழி என்று விட்டிருக்கிறேன்.

அண்ணி


ஏப்ரல் 13

அண்ணி! அண்ணி! அண்ணி!

ஏழில் இரண்டு ஆண். நேற்றுக் காலை ஒன்றைத் திறந்தேன். நடுவில் இரண்டு முறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அந்த உறுப்பு இதுவரை படம் போட்ட எதனோடும் ஒத்துப்போகவில்லை. நுனி கொக்கி மாதிரி இரண்டு முறை வளைந்திருக்கிறது. பக்கத்து அறையில் இருக்கும் வண்ணத்துப்பூச்சிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் யாரையும் லேசில் பாராட்ட மாட்டார். "கொடுத்துவச்ச ஆளும்மா நீ" என்றார். இது புதுசு. உலகத்தில் யாரும் எழுதாதது. உங்களால் கிடைத்தது.

வேலையைத் தொடங்கிவிட்டேன். ஒரு புது வகையை எழுதும்போது, "இந்தப் பெயருக்கு உரியது இந்த ஒரு பூச்சிதான்" என்று ஒன்றைக் குறித்துச் சிவப்பு லேபிள் போட வேண்டும். பிறகு எந்தக் காலத்தில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்த ஒன்றைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். நீங்கள் அனுப்பிய ஆண் பூச்சிதான் அது.

ஒரு சின்ன விஷயம். ஏழு சீட்டிலும் பெரிய பூச்சியாக வெளிவந்த தேதி மார்ச் 30 என்று சரியாக எழுதியிருக்கிறீர்கள். பிடித்தவர் என்ற இடத்தில் அண்ணன் பெயரை எழுதிவிட்டீர்கள். மாற்றி உங்கள் பெயரைப் போட்டுக்கொள்கிறேன், சரிதானே?

சின்னவள்


ஏப்ரல் 20

சின்னவளுக்கு,

சரியில்லை. தெரியாமல் எழுதவில்லை, தெரிந்துதான் எழுதினேன்.

மரம் அவர் வைத்தது. திருடன் இருக்கிறான் என்று சொன்னவர் அவர். லென்ஸ் அவருடையது. தேய்த்துக் கொன்றவள் நான். கொன்றவள் பெயரை எழுதப் போகிறாயா? தேதி இடிக்கிறது என்றால் தேதியை மாற்று. ஒரு வருஷம் முன்னால் போடு. யாருக்குத் தெரியப்போகிறது? கடுகில் பாதிக்கு எத்தனை பேர் சாட்சி சொல்ல வருவார்கள்?

உன்னைப் படிக்க வைக்கிறதுக்காக ராத்திரி ஷிப்டும் சேர்த்துப் பார்த்தாரே, அவருக்காக ஒரு வரி பொய் எழுத உனக்குக் கை வராதா? அன்றைக்கு என்னைச் சொன்னாயே, அது மட்டும் மெய்யா?

அவர் பெயரைப் போட முடியாது என்றால் ஏழையும் திருப்பி அனுப்பிவிடு.

அண்ணி


மே 3

அண்ணி,

எட்டு நாளாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

லேபிளில் பொய் எழுத முடியாது. வேறு என்ன சட்டமாக இருந்தாலும் அண்ணனுக்காக நான் மீறியிருப்பேன். ஆனால் இந்த வேலையில் லேபிளைத் தவிர வேறு எதுவும் இல்லை. எழுதியவர் செத்து நூறு வருஷம் ஆன பிறகும், எங்கே, என்றைக்கு, யார் என்ற மூன்றை நம்பித்தான் ஒருவர் அந்த மரத்தைத் தேடி வருவார். அண்ணன்தான் எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார். கல்லூரியில் படிக்கும்போது ஒரு பூச்சிக்குத் தேதி மறந்துபோய் நான் குத்துமதிப்பாக ஒன்றைப் போட்டேன். "தெரியலன்னா காலியா விடு. பவர் தெரியாம கண்ணாடி போட்டா கண்ணுதான் கெடும்" என்றார்.

நான் சொல்லாமல் மறைத்த ஒன்று இருக்கிறது. ஜனவரியில் உங்களுக்கு எழுதியபோதே சொல்லியிருக்க வேண்டும்.

அண்ணன் மாதம் ஒரு குப்பியாவது அனுப்புவார். பெரும்பாலும் சாதாரண வகைகள். வேலை அதிகம் என்று நான் பிரிக்காமல் இழுப்பறையில் போட்டுவிடுவேன், மொத்தமாகப் பிறகு பார்க்கலாம் என்று. கடைசிக் குப்பி அவர் போவதற்குப் பத்து நாள் முன்னால் என் கைக்கு வந்தது. அதையும் இழுப்பறையில் போட்டேன். நீங்கள் எல்லோரும் கூடியிருந்த வீட்டில் வந்து நின்று உங்களை அப்படிக் கேட்டேனே, அப்போது அது பிரிக்காமல் அங்கே கிடந்தது. இந்த ஜனவரியில்தான் பிரித்தேன். உள்ளே ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. அவர் எழுதியது அப்படியே:

"சின்னவளே, லேபிள் கோணலா இருக்கு, கோவிச்சிக்காதே. ரெண்டு வாரமா இடது கை மரத்துப்போகுது, குப்பியைப் பிடிக்க முடியல. நெஞ்சும் கொஞ்சம் அடைக்குது. அண்ணிகிட்ட சொன்னா பயந்துடுவா. உனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருந்தா கேட்டுச் சொல்லு."

என்னிடம் கேட்டிருக்கிறார், அண்ணி. நான் பதில் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியவில்லையா என்று உங்களைக் கேட்டேன்.

ஏழு பூச்சியையும் பஞ்சு வைத்துப் பெட்டியில் போட்டிருக்கிறேன். திருப்பி அனுப்பச் சொன்னால் அனுப்புகிறேன். நானே வேண்டாம் என்றால் என்னோடு பேசாமலே இருங்கள். எதையும் நான் வாங்கிக்கொள்கிறேன்.

சின்னவள்


மே 14

சின்னவளே,

உன் கடிதத்தைக் கீழ்வீட்டு டீச்சரிடம் கொடுத்து அந்தச் சீட்டில் இருந்த நாலு வரியை மட்டும் படிக்கச் சொன்னேன். நான் படித்தது சரிதானா என்று பார்க்க. அவர் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

உன்மேல் கோபம் வந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு நாள் உன்னை வாயில் வந்தபடி வைதேன். உனக்கு விக்கல் எடுத்திருக்கும்.

மூன்றாம் நாள் உன்னிடம் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும் என்று ஆகிவிட்டது. அதை யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் குப்பிக்கு மூடி போட்டது நான்தான். அவர் மாடியிலிருந்து இறங்கி வந்து, "விரல் சொன்னபடி கேட்க மாட்டேங்குது, இதைக் கொஞ்சம் மூடிக் கொடேன்" என்று நீட்டினார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "ஆமா, எனக்கு வேற வேலையில்ல, உங்க பூச்சிக்கு ஊழியம் பண்றதுதான்" என்று சொல்லிக்கொண்டே மூடினேன். அவர் சிரித்தார். இடது கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டே போனார். பார்த்தேன். தேய்த்துக்கொண்டு போவதைப் பார்த்தேன், சின்னவளே. நாள் முழுக்கக் கண்ணாடி பிடித்த கை, வலிக்கத்தான் செய்யும் என்று நினைத்தேன்.

நீ கேட்டபோது நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று இப்போது தெரிகிறதா?

உன்னிடம் எழுதிக் கேட்டார், என்னிடம் கையை நீட்டிக் கேட்டார். நீ பிரிக்கவில்லை, நான் மூடிக் கொடுத்தேன். இதில் யார் யாரைக் கேட்பது?

ஏழையும் வைத்துக்கொள். என் பெயரையே எழுது. தேதியைத் தொடாதே. என் பெயரை முழுசாகக் கடைசியாக ஒரு தாளில் எழுதியது அவருடைய இறப்புச் சான்றிதழ் வாங்கும்போதுதான். மனைவி என்ற கட்டத்தில். இது பிடித்தவர் என்ற கட்டம். இருக்கட்டும்.

புதுப் பூச்சிக்கு அவர் பெயரை வைக்கலாமா என்று போன மாதம் மாஸ்டர் கேட்டார், யாரோ சொன்னார்களாம். நீயும் அதைத்தான் நினைத்திருப்பாய். வேண்டாம். நாளைக்கு இன்னொருவர் வந்து, இது புதுசில்லை, முன்பே எழுதியதுதான் என்று காட்டினால் வைத்த பெயர் அடிபட்டுப்போகும் என்று நீயே ஒருமுறை சாப்பிடும்போது சொல்லியிருக்கிறாய். அவர் ஒருதடவை போனது போதும். மாவு பூசினது என்று அர்த்தம் வருகிற மாதிரி ஏதாவது வை. அது பூச்சிக்குப் பொருந்தும்.

சாப்பிடுகிறாயா? உன் எழுத்து மெலிந்திருக்கிறது.

அண்ணி


நவம்பர் 22

சின்னவளுக்கு,

அச்சடித்த தாள்கள் வந்து சேர்ந்தன. பதினோரு பக்கம். ஒரு எழுத்தும் புரியவில்லை. படங்களைப் பார்த்தேன். முதுகை ஒவ்வொரு மயிராக வரைந்திருக்கிறாய். அந்தக் கொக்கி உறுப்பு ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது. மாஸ்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா, ஜிப்பு ரன்னரா?" என்றார். என்னவென்று சொன்னேன். தாளைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிங் மேஜைக்குப் போனவர் சாயங்காலம் வரை என் பக்கம் திரும்பவில்லை.

பென்சிலால் நீ வட்டம் போட்ட இடத்தை டீச்சர் படித்துக் காட்டினார். முதலில் சிவப்பு லேபிள் போட்ட ஆண். மார்ச் 30, என் பெயர். அதற்குக் கீழே என்னுடைய மற்ற ஆறு. அதற்கும் கீழே ஐந்து பெண், போன வருஷம் பிப்ரவரி 27, அவர் பெயர். எல்லாவற்றுக்கும் ஒரே இடம், ஒரே மரம். இரண்டு தேதிக்கும் நடுவில் பதின்மூன்று மாதம். தாளில் விரலை வைத்துப் பார்த்தேன். ஒரு விரல் அகலம்கூட இல்லை.

மரத்தைக் கேட்டிருந்தாய். உன் கடிதம் மே மாதம் வந்த பிறகு நன்றாகக் கழுவிவிட்டேன். வடக்குப் பக்கத்துக் கிளை ஒன்றை மட்டும் தொடவில்லை. அங்கே மாவுப்பூச்சியும் இருக்கிறது, திருடனும் இருக்கிறான். அவர்களுக்குள் பார்த்துக்கொள்கிறார்கள். மற்ற கிளைகளில் துளிர் விட்டிருக்கிறது. இந்த வருஷம் காய் இல்லை.

வந்து பெட்டியைப் பார்க்கச் சொல்லி எழுதியிருந்தாய். டிசம்பர் ஆறாம் தேதி ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு வந்து சேரும். மாஸ்டர் நாலு நாள் லீவு கொடுத்திருக்கிறார். பத்து நாள் கேட்டேன், நாலு கிடைத்தது.

சிவப்பு லேபிள் போட்டதை நான் பார்க்க வேண்டாம். டப்பாவில் வளர்த்தது, வயிறு திறந்து கிடப்பதைப் பார்க்க மனசு கேட்காது. அவர் பிடித்ததில் நீ திறக்காத இரண்டு இருக்கிறதே, அதைக் காட்டு. ஊசியில் அதற்குக் கீழே அவர் எழுதிய சீட்டு குத்தியிருக்கும் என்றாய். அதை லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். கோணலாக எழுதியதைத்தான்.

பார்த்துவிட்டு நான் அழுதால், "என்ன அண்ணி" என்று கேட்காதே. நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார். அது போதும்.

அண்ணி